குதிரைக்குள் இருக்கிற மனிதர்: நகரக் கலை விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் நீங்கள் வெளியிட்டு, போஸ்டராகவும் ஒட்டிய புகைப்படப் போட்டி அறிவிப்பில் இருக்கும் படம் நான் எடுத்தது. சென்ற ஆண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலை, பூங்கா வாசலில் எடுத்தேன். பொய்க்கால் குதிரை ஆடும் ஒரு அண்ணன் ஒரு கட்டைக்காலைத் தூக்கி, குதிரையின் கழுத்தைப் பின்னால் சாய்த்து, இன்னொரு காலில் சுழல்கிற நேரம். விழா முடிந்ததும் உங்கள் தரப்பிலிருந்து படத்தைக் கேட்டார்கள். காசு வாங்காமல் கொடுத்தேன். கொடுக்கும்போது அவருடைய பெயர், ஊர், செட்டின் (ஆட்டக் குழுவின்) பெயர், கைபேசி எண் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன்.

உங்கள் அறிவிப்பில் குதிரை இருக்கிறது. கட்டைக்கால் இருக்கிறது, ஜிகினாத் துணி மின்னுகிறது. அவருடைய முகம் இருக்க வேண்டிய இடத்தில் விளம்பரதாரரின் சின்னம் இருக்கிறது. பெயர் எங்கேயும் இல்லை. என் பெயரும் இல்லைதான். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

போட்டி விதிகளையும் படித்தேன். அதில் மூன்றைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போட்டிக்கு வரும் எல்லாப் படங்களின் முழு உரிமையும் காலவரையறை இல்லாமல் விழாக் குழுவுக்கும் விளம்பரதாரர்களுக்கும் வந்துவிடும் என்கிறது ஒரு விதி. படத்துடன் இடம், தேதி, கேமரா, லென்ஸ் விவரம் மட்டும் தந்தால் போதும், கலைஞர் பற்றிய விவரம் தேவையில்லை என்கிறது இன்னொன்று. மூன்றாவது விதிதான் என்னைத் தூங்க விடவில்லை. பதிவு செய்த போட்டியாளர்களுக்கு ஆட்டக் களத்துக்குள்ளேயே போய் நெருக்கமாகப் படம் எடுக்கச் சிறப்பு அட்டை தரப்படும் என்கிறீர்கள்.

அந்த விதியை எழுதியவர் போன வருடம் அந்தப் பூங்கா வாசலில் இருந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். நான் இருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பொய்க்கால் குதிரை ஆடுகிறவரால் தன் காலைப் பார்க்க முடியாது. மூங்கிலும் காகிதக் கூழும் சேர்த்துச் செய்த குதிரைக் கூட்டைத் தோளில் பட்டை போட்டு இடுப்போடு மாட்டியிருப்பார்கள். கூட்டைச் சுற்றித் துணி தொங்கும். அதற்குக் கீழே, ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்துக்கு, காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய கட்டைகள். கட்டையின் அடி ஒரு கொட்டாங்குச்சி அகலம்கூட இருக்காது. அதை வைத்துக்கொண்டு குதிக்க வேண்டும், சுழல வேண்டும், மேளத்தின் வேகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். எங்கே மிதிக்கிறோம் என்பதைக் கண் சொல்லாது. மனதில் பதிந்த தரைதான் சொல்லும்.

அதனால் அந்த அண்ணன் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்வார். கட்டையைக் கட்டுவதற்கு முன், வெறுங்காலோடு களம் முழுவதும் மெதுவாக நடந்து வருவார். கல், கண்ணாடித் துண்டு, வாழைப்பழத் தோல், எது கிடந்தாலும் பொறுக்கிப் போடுவார். எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே சிமென்ட் பெயர்ந்திருக்கிறது என்று காலாலேயே பார்த்து வைத்துக்கொள்வார். அன்றைக்கும் நடந்தார். ஒரு சோடா மூடியைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அவர் நடந்து பார்த்தபோது அங்கே ட்ரைபாட் இல்லை.

நையாண்டி மேளம் சூடு பிடித்த நேரம். கூட்டம் வட்டமாக நின்றது. வட்டத்துக்குள்ளே கேமராவோடு பதினோரு பேர். நான் எண்ணினேன். பின்னால் இன்னொரு கேமரா தெரியாமல் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை, அதனால்தான் எண்ணினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எங்கள் கால்களுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீடியோவுக்காக ட்ரைபாடைக் கொண்டுவந்து, அதன் ஒரு காலை நீட்டிக் களத்துக்குள் வைத்தார். அண்ணன் சுழன்று வந்தார். கட்டை அதில் மாட்டியது. பக்கவாட்டில் விழுந்தார்.

கட்டைக்கால் கட்டியவர் விழுந்தால் தானாக எழ முடியாது. ராணிக் குதிரை ஆடும் அக்கா, அவர் மனைவி, கூட்டைக் கழற்ற நேரமில்லாமல் தன் குதிரையோடே ஓடிவந்தார். குனியவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை, அப்படியே பக்கத்தில் நின்றார். தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். குதிரையின் கழுத்து மடங்கித் தொங்கியது. இவ்வளவும் நடக்கும்போது ஷட்டர் சத்தம் நிற்கவே இல்லை. அந்தச் சத்தத்தில் என் கேமராவும் சில நொடிகள் இருந்தது. விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது. அன்று இரவே அந்தப் படங்களை அழித்தேன், ஆனால் அழுத்தியது அழுத்தியதுதான்.

ஒரு துண்டை வைத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்தார். முழங்கால் வீங்கியிருந்தது. களத்தைப் பார்த்துக்கொண்ட உங்கள் தன்னார்வலர் வந்து, “ஒண்ணும் ஆகலைல்ல? அடுத்த செட்டு ரெடியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்தது நேரப் பட்டியல் மட்டும்தான். ஒருவர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குதிரையின் கழுத்தைச் சரி செய்ய ஆன செலவை அண்ணன்தான் கொடுத்தார். அன்றைய ஆட்டத்துக்கு அவர் பங்காக வந்த காசு அதற்கே சரியாகப் போயிற்று.

இந்த மடலை எழுதுவதற்கு முன் அவரிடம் பேசினேன். நடந்ததை எழுதுங்கள் என்றார். பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “வேற ஊரு விழாக்காரங்க படிச்சிட்டு, இவன் பிரச்சன பண்ற ஆளுன்னு நெனச்சிருவாங்க தம்பி. சீசன்ல பத்து ஆட்டம் வந்தாத்தான் வீடு ஓடும்.” போஸ்டரில் வந்திருக்க வேண்டிய பெயர் அது. அதை இந்த மடலில்கூட என்னால் எழுத முடியவில்லை.

நான் யார் என்று கேட்பீர்கள். 2007-இல் சென்னை சங்கமம் கலை விழா முதல் முறை நடந்தபோது நான் கல்லூரி மாணவன். கையில் கடன் வாங்கி வாங்கிய ஒரு நிக்கான் டி40 கேமரா. அதுவரை கரகத்தையும் பறையையும் ஊர்த் திருவிழாவில், தூக்கக் கலக்கத்தில் பார்த்ததோடு சரி. பூங்காவிலும் கடற்கரையிலும், மாலை வெளிச்சத்தில், பத்தடி தூரத்தில் அவர்களைப் பார்த்தபோது எனக்கு வேறு எதையும் படம் எடுக்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து எந்த ஊரில் தெருவில் ஆட்டம் என்றாலும் போய்விடுகிறேன். பிழைப்புக்குக் கல்யாணம், காதுகுத்து. மனசுக்கு இது.

முதல் ஐந்தாறு வருடம் நான் ஒருவர் பெயரையும் கேட்டதில்லை. என் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் ‘கரகம் 1’, ‘கரகம் 2’, ‘பறை மெரினா’, ‘தாத்தா தவில்’ என்றுதான் இருக்கும். அந்தத் தவில் தாத்தா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்: “எத்தன வருசமா என்னைய எடுக்குற. ஒரு படம் கையில குடுத்திருக்கியா? எம் பேராவது தெரியுமா?” இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அதற்கு அப்புறம்தான் கேமராப் பையில் ஒரு நோட்டு வந்தது. படம் எடுத்தால் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எண். அடுத்த முறை பார்க்கும்போது மேக்ஸி சைஸில் இரண்டு பிரிண்ட். அந்தத் தாத்தா இப்போது இல்லை. அவர் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது நான் கொண்டுபோய்க் கொடுத்த பிரிண்ட்தான். அவர்கள் வீட்டில் அவர் தவிலோடு இருக்கும் படம் வேறு ஒன்றுகூட இல்லை. எத்தனையோ பேர் கேமராவில் இருந்தவர் அவர்.

ஆகவே இதை வெளியிலிருந்து வந்து குறை சொல்கிறவனின் மடலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் செய்வதும் நீங்கள் அனுமதிப்பதும் சேர்ந்துதான் இந்த நிலைமை.

விழுந்தது ஒரு நாள் விபத்து என்று நினைக்காதீர்கள். பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன் பறையைக் காய்ச்சுவார்கள். கொஞ்சம் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தீயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, வட்டமாகத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஈரம் போகப் போக தோல் இறுகி, மொத்தென்று கேட்ட சத்தம் மெல்ல மெல்லத் தெளிந்து கணீரென்று வரும். எப்போது எடுக்க வேண்டும் என்பது காதுக்குத் தெரிந்த கணக்கு. படம் எடுக்கிறவர்களுக்கு வேண்டியது வேறு. “இன்னும் கொஞ்சம் வைக்கோல் போடுங்கண்ணே, நெருப்பு பெருசா வரட்டும், அப்படியே பிடிச்சிக்கிட்டே நில்லுங்க.” இரண்டு வருடம் முன்னால் உங்கள் விழாவில், இருபது வயதுகூட ஆகாத ஒரு தம்பி, சொன்னவர்களின் மனம் நோகக் கூடாதென்று அப்படியே நின்றான். தோல் நடுவிலிருந்து விளிம்பு வரை கிழிந்தது. ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அன்று அவன் ஆடவில்லை. கிழிந்த பறையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் நின்று பெரிய நெருப்போடு படம் எடுத்தவர்களில் ஒருவருக்கு அந்த வருடம் உங்கள் போட்டியில் பரிசும் கிடைத்தது. படத்தின் தலைப்பு ‘கிராமத்துக் கனல்’. கிழிந்த தோலுக்கு யாரும் எதுவும் தரவில்லை.

கரகம் ஆடும் பெண்கள் படும் பாட்டைச் சொல்வதற்கே கஷ்டமாக இருக்கிறது. தலையில் கரகத்தோடு பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுப்பார்கள். அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கிறார்கள். ஃபிளாஷ் தேவையே இல்லை. இன்றைய கேமராவில் ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 3200-இல் வைத்தால், நீங்கள் கட்டும் விளக்கு வெளிச்சத்திலேயே நொடியில் 250-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கலாம். தெரியாமல் அடிப்பவர்கள் பாதிப் பேர், தெரிந்தும் கவலைப்படாதவர்கள் மீதி.

அதைவிட மோசம் ஆட்டத்துக்கு வெளியே. போன வருடம் நீங்கள் அவர்களுக்கு உடை மாற்றக் கொடுத்த இடம், இரண்டு வேன்களுக்கு நடுவே ஒரு சந்து. கதவு கிடையாது, தட்டி கிடையாது. இரண்டு பெண்கள் புடவையைப் பிடித்து மறைத்துக்கொள்ள, மூன்றாமவர் உள்ளே மாற்றினார். அந்தப் புடவைக்கு நேரே லென்ஸை நீட்டிக்கொண்டு மூன்று பேர் நின்றார்கள். “என்ன தம்பி எடுக்குறீங்க?” என்று ஒரு அக்கா கேட்டபோது, “இயல்பா இருக்கும்போது எடுத்தாத்தான் நல்லா இருக்கும்” என்று ஒருவர் சொன்னார். நான் போய்ச் சண்டை போட்டேன். என்னையும் கேமராவோடு பார்த்த அந்த அக்கா என்னையும் சேர்த்துத்தான் போகச் சொன்னார். அவர் செய்தது சரி. இப்படி எடுத்த படங்களும், ஆடும்போது எங்கே எங்கேயோ குவித்து எடுத்த வீடியோக்களும் என்ன தலைப்போடு யூடியூபில் உலவுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களும் கைபேசி பார்க்கிறார்கள்.

இனி பெயர் விஷயம். உங்கள் விழாவின் அழைப்பிதழ் என் முன்னால் இருக்கிறது. அரங்கத்தில் நடக்கும் கச்சேரிக்கு வாய்ப்பாட்டு யார், வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று தனித்தனியே அச்சிட்டிருக்கிறீர்கள். நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். அதே தாளில், கீழே: ‘மாலை 6 மணி, பூங்கா வாசல், கிராமியக் கலை நிகழ்ச்சிகள்’. அந்த ஒரு வரிக்குள் நாதஸ்வரம், தவில், பம்பை, கரகம், காவடி, பொய்க்கால் குதிரை, பறை என்று நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அரங்கத்துக்குள் ஃபிளாஷ் கூடாது என்று அறிவிப்புச் செய்கிறீர்கள். பாடகர் கண்ணை மூடிப் பாடும்போது அவர் மூக்குக்கு முன்னால் போய் யாரும் நிற்பதில்லை. பூங்கா வாசலில் மட்டும் ஏன் எல்லாம் செல்லும்?

இவர்கள் பெயரில்லாதவர்கள் கிடையாது. கோவைப் பக்கம் வள்ளி ஒயில் கும்மியை இத்தனை பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025-இல் பறைக்காக வேலு ஆசானுக்கும், தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் ‘கிராமியக் கலைஞர்கள், மூவர்’ என்றா போட்டார்கள்? கொல்லங்குடி கருப்பாயி என்று சொன்னால் ஊரும் சேர்ந்தே வருகிறது, குரலும் சேர்ந்தே கேட்கிறது. பெயரும் ஊரும் அவர்களுக்கு அப்படி ஒட்டியது.

பெயர் போடுவதை மரியாதை என்று மட்டும் பார்க்காதீர்கள். அது சோறு. கோயில் திருவிழாவுக்கு ஆட்டம் பேச வருகிற ஊர்க்காரர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத்தான் செட்டை முடிவு செய்கிறார்கள். மாசியில் தொடங்கி ஆடி வரை ஐந்தாறு மாதம்தான் சீசன். நீங்கள் நகரம் முழுவதும் ஒட்டிய அந்தப் போஸ்டரில் அவர் முகமும், கீழே பெயரும் ஊரும் இருந்திருந்தால் அவருக்கு நாலு ஆட்டம் கூடுதலாக வந்திருக்கும். ‘பொய்க்கால் குதிரை’ என்று மட்டும் இருந்தால் அந்த வேலை ஏஜெண்டுக்குப் போகிறது. அவர் ஆளைப் பிடித்து, கமிஷனை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தருகிறார். ஒரு வரி எழுத்தை நீங்கள் விட்டதற்கு இவ்வளவு நீளமான விலை இருக்கிறது.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்தேன். நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், நிகழ்த்துநர் என்றால் யார் என்ற விளக்கத்தில் நடிகர், பாடகர், நடனமாடுபவர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியும் வித்தைக்காரரும் பாம்பாட்டியும் வருகிறார்கள். தெருவில் நிகழ்த்துகிறவர்களைச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, நிகழ்த்தியவர் தான்தான் என்று அடையாளம் காட்டப்பட அவருக்கு உரிமை உண்டு என்றும், தன் பெயருக்குக் கேடு வரும்படி பதிவைச் சிதைத்தால் தடுக்கலாம், நஷ்டஈடு கேட்கலாம் என்றும் சொல்கிறது. இது ஒலி, ஒளிப் பதிவுகளை வைத்து எழுதிய பிரிவு. அசையாத படத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். ஆனால் உங்கள் போட்டியில் ரீல்ஸ் பிரிவும் இருக்கிறதே.

எங்கள் உரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேறொருவருக்காகக் கூலிக்கு எடுக்காத வரை, படம் எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதாக இருந்தால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்கிறது. உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாலும், எடுத்தவர் தான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை போகாது. முதல் கேமரா வாங்கி ஆசையோடு வருகிற பிள்ளைகளிடம் விதிகளுக்குச் சம்மதம் என்று ஒரு பொத்தானை அழுத்த வைத்து, காலத்துக்கும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், முன்பு நேரில் கேட்டபோது சொன்னீர்கள். பொது இடத்தில் ஆடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், எங்களால் தடுக்க முடியாது என்றீர்கள். தடுக்கச் சொல்லவில்லை. தெருவில் ஆடுவது தெருவில் போகிறவர் பார்ப்பதற்குத்தான். ஒரு அம்மா பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கைபேசியில் எடுத்தால் அதில் என்ன குற்றம்? ஆடுகிறவர்களுக்கே அது சந்தோஷம். நான் பேசுவது நீங்கள் அழைத்து, அட்டை கொடுத்து, பரிசு வைத்து உள்ளே விடுகிற எங்களைப் பற்றி. அதற்கு விதி எழுதுவது நீங்கள்தான். எழுதியும் இருக்கிறீர்கள். தவறான விதியை எழுத முடிந்தவர்களால் சரியானதையும் எழுத முடியும்.

கலைஞர்களே கேட்கவில்லையே என்றும் சொன்னீர்கள். அடுத்த வருடம் கூப்பிடுகிற கையைப் பார்த்து யார் கேட்பார்கள்?

நான் கேட்பது இவ்வளவுதான்.

முதலில், அந்தப் போட்டி அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். அவருடைய முகத்தின் மேல் இருக்கும் சின்னத்தை எடுத்துவிட்டு, அவர் சம்மதம் கேட்டு, பெயரும் ஊரும் கலையும் போட்டு மறுபடி வெளியிடுங்கள். அவருக்கு விருப்பம் இல்லையென்றால் அந்தப் படமே வேண்டாம். என் அனுமதியும் அவர் சம்மதத்தைப் பொறுத்ததுதான்.

களத்துக்குள் போகும் சிறப்பு அட்டையை ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு களத்தைச் சுற்றியும் கோலமாவால் ஒரு கோடு போடுங்கள், போதும். அந்தக் கோட்டை ஆடுகிறவர்களே எங்கே போடுவதென்று சொல்லட்டும். கேமராக்காரர்களுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள், பிள்ளைகள் உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு. ட்ரைபாடும் ஃபிளாஷும் ட்ரோனும் கூடாது. எங்களுக்கு இது ஒரு இழப்பே இல்லை. தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-200 லென்ஸ் வைத்திருப்பவர்கள் களத்துக்குள் போக வேண்டிய அவசியம் என்ன? அது இல்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக ஆட்டம் தொடங்குவதற்கு முன்போ முடிந்த பிறகோ கால் மணி நேரம் ஒதுக்கி, செட்டுக்காரர்களிடம் பேசி, அந்த நேரத்துக்கும் சம்பளம் கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள். பறை காய்ச்சுவதைப் பார்க்கலாம், எடுக்கலாம், இப்படிச் செய் அப்படிச் செய் என்று சொல்லக் கூடாது என்பதையும் விதியில் எழுதுங்கள்.

பெண்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை வேண்டும். பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ இரண்டு அறை கேட்டால் கிடைக்கும். அந்த வாசலில் ஒரு பெண் தன்னார்வலரை உட்கார வையுங்கள். அங்கே கேமராவைத் தூக்குகிறவரின் அனுமதியை அந்த இடத்திலேயே பறியுங்கள். போன வருடப் படங்களில் அப்படிப்பட்டவை உங்கள் பக்கங்களில் இருந்தால் இன்றே எடுங்கள். இரண்டு இருக்கின்றன. எவை என்று தனியாக அனுப்பியிருக்கிறேன்.

போட்டிப் படிவத்தில் லென்ஸ் விவரம் கேட்கும் கட்டத்துக்கு மேலே ஒரு கட்டம் சேருங்கள்: படத்தில் இருப்பவர் பெயர், ஊர், கலை, சம்மதித்தாரா. அது காலியாக இருந்தால் படம் போட்டிக்கு வேண்டாம். அழைப்பிதழில் ஒவ்வொரு செட்டின் பெயரையும், அதில் ஆடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோர் பெயரையும் போடுங்கள். இடம் போதாது என்றால் வாழ்த்துச் செய்திகளில் ஒரு பக்கத்தைக் குறையுங்கள்.

உரிமை விதியை மாற்றுங்கள். விழாவைப் பற்றிச் சொல்ல மட்டும், ஒரு வருடத்துக்கு, எடுத்தவர் பெயரோடும் ஆடியவர் பெயரோடும் பயன்படுத்த அனுமதி கேளுங்கள், மகிழ்ச்சியோடு தருவோம். விளம்பரதாரர் தன் விளம்பரத்துக்கு எடுத்தால் பணம் தரட்டும், அதில் பாதி படத்தில் இருப்பவருக்கு. அப்புறம், போட்டிக்கு வந்த படங்களில் ஒவ்வொரு கலைஞருக்கும் இரண்டு பிரிண்ட் போட்டு, விழா முடிந்து ஒரு மாதத்துக்குள் அவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். மேக்ஸி சைஸ் போதும். பிரிண்ட் போடும் வேலையை நானும் என் நண்பர்கள் சிலரும் காசு வாங்காமல் செய்து தருகிறோம். தாளும் தபால் செலவும் உங்களுடையது.

கடைசியாக, குதிரையின் கழுத்துக்கு ஆன செலவையும், கிழிந்த பறைக்கு ஆன செலவையும் அவர்களுக்குக் கொடுங்கள். இந்த மடல் வந்ததற்காக அவர்களில் யாரையும் இந்த வருடப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எழுதியது நான். என்னை வேண்டுமானால் உள்ளே விடாதீர்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். பொய்க்கால் குதிரை அண்ணனுக்கு ஒரு போன் செய்யுங்கள், முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொடங்குங்கள். போன வருடம் நான் படத்தோடு அனுப்பிய மின்னஞ்சலில், பெயருக்குக் கீழே, அவருடைய எண் இருக்கிறது.